பவளம் இல்லாத பவளப்பாறைத் தொட்டி

வீட்டில் கடல் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அதிராம்பட்டினத்திலிருந்து கேனில் தண்ணீர் கொண்டு வருவீர்களா டீச்சர்?" பட்டுக்கோட்டைப் பக்கம் குடியிருக்கும் எனக்கு அதிராம்பட்டினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் அங்கிருந்து ஒரு வாளித் தண்ணீர்கூட எடுத்து வந்ததில்லை. காவிரியின் கடைமடை வந்து சேரும் இடம் அது. பாக் நீரிணையின் ஆழம் குறைந்த, சேறு கலந்த கடல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் கலந்து உப்பு இறங்கிவிடும். சித்திரை வெயிலில் ஏறிவிடும். பவளப்பாறைகளில் வாழும் மீன்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. ஆகவே தண்ணீரை வீட்டிலேயே தயாரிக்கிறேன். ஆர்.ஓ. தண்ணீர், அதில் கரைக்கக் கடலுப்புக் கலவை, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி இதைவிட நல்ல கேள்வி. என் வகுப்பில் ஏதாவது ஒரு மாணவர் ஆண்டுதோறும் கேட்டுவிடுவார். "வேதாரண்யம் உப்பு கடல்லேருந்துதானே எடுக்கறாங்க? அதையே திரும்பத் தண்ணியில கரைச்சா கடல் தண்ணி ஆயிடாதா?" வேதாரண்யம் என்றதும் நாமெல்லாம் 1930-க்குப் போய்விடுவோம். வேதியியல் ஆசிரியருக்கு அங்கே இன்னொரு பாடமும் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. உப்பு என்று ஒருமையில் சொல்லக் கூடாது. குளோரைடு 19 கிராம், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். உப்பளப் பாத்தியில் கடல் நீர் சுண்டும்போது இவையெல்லாம் ஒன்றாக வந்து படிவதில்லை. தண்ணீர் பாதியாகக் குறையும்போது கால்சியம் கார்பனேட் பிரிகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்த பிறகுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. அதை வாரியெடுத்த பின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. அதாவது, உப்பளம் என்பது கடலைப் பிரித்து வைக்கும் தொழிற்சாலை. அதில் ஒரு பங்கை மட்டும் கொண்டு வந்து கரைத்தால் அது உப்புத் தண்ணீர்; கடல் தண்ணீர் ஆகாது.

இந்தக் கலவை விகிதம் உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிச் சேகரித்த நீர் மாதிரிகளில் 77-ஐப் பகுத்துப் பார்த்து, வில்லியம் டிட்மார் 1884-இல் இதை உறுதி செய்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம்; உப்புகளுக்கு இடையேயான விகிதம் மாறுவதில்லை. கடையில் விற்கும் செயற்கைக் கடலுப்பு அந்த விகிதத்தில்தான் தயாராகிறது. என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 200 லிட்டர் பிடிக்கும். அதற்கு 7 கிலோ கடலுப்பு.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறையும் தண்ணீரை ஈடுகட்ட எதை ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரா, வெறும் தண்ணீரா? இந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் கேட்டுக் கையைத் தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர் என்றார்கள். பிறகு கணக்குப் போட்டோம். எதையுமே ஊற்றாமல் விட்டால் பத்தாம் நாள் 170 லிட்டரில் அதே 7,000 கிராம் உப்பு இருக்கும். லிட்டருக்கு 35 கிராம் என்பது 41 ஆகிவிடும். உப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தாலோ உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பழச்சாறு உறிஞ்சும் குழலின் அடியில் கொஞ்சம் களிமண்ணை அடைத்து மிதக்கவிட்டு, குழல் எந்த அளவு மூழ்குகிறது என்று கோடு போட்டுப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரில் ஆழமாக, உப்புத் தண்ணீரில் சற்று மேலே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யக்கூடிய அடர்த்திமானி அது. செலவு ஒன்றுமில்லை.

செத்த இறாலுக்கு ஒரு தொட்டி

மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகு 39 நாள் என் தொட்டியில் ஒரு மீனும் கிடையாது. 2017 பிப்ரவரி தொடக்கம் அது. மீன்கடையில் வாங்கிய ஓர் இறாலைத் தோலோடு உள்ளே போட்டுவிட்டு, அது அழுகட்டும் என்று விட்டிருந்தேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "மீன் தொட்டின்னுதானே சொன்னே? இது என்னம்மா, செத்த எறாலுக்குத் தொட்டியா?"

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் நைட்ரஜன் சுழற்சி வருகிறது. அதை நடத்தும் நம் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பாடம் அம்புக்குறிகளால் ஆனது. அம்மோனியாவிலிருந்து நைட்ரைட்டுக்கு ஓர் அம்பு, நைட்ரைட்டிலிருந்து நைட்ரேட்டுக்கு இன்னொன்று. பிள்ளைகள் படத்தை அழகாக வரைவார்கள், பாகங்களைக் குறிப்பார்கள். ஆனால் அந்த அம்புகளுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஒன்று இன்னொன்றாக உடனே மாறிவிடுவதுபோல இருக்கும். தொட்டியில் அந்த அம்பு ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு உண்டு.

திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு முறை ஒரு சிறு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். சோதனைத் திரவம் சில சொட்டு விட்டால் அம்மோனியாவுக்குப் பச்சை, நைட்ரைட்டுக்கு ஊதா, நைட்ரேட்டுக்குச் சிவப்பு. நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவு பார்த்து, வரைபடத் தாளில் புள்ளி வைப்பது மாணவர்கள் வேலை. நான்காம் நாள் வெறும் மஞ்சளாக இருந்த குழாயில் லேசான பச்சை. பதினோராம் நாள் அடர் பச்சை. அட்டைப்படி லிட்டருக்கு 4 மில்லிகிராம் அம்மோனியா. எந்த மீனைப் போட்டிருந்தாலும் அன்றைக்கே செவுள் எரிந்து செத்திருக்கும். பதினெட்டாம் நாள் பச்சை வெளுத்து, நைட்ரைட் குழாய் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. முப்பத்திரண்டாம் நாள் அம்மோனியா சுத்தமாக இல்லை. முப்பத்தொன்பதாம் நாள் நைட்ரைட்டும் இல்லை, நைட்ரேட் மட்டும். வரைபடத்தில் இரண்டு மலைகள், ஒன்றன் பின் ஒன்றாக. முதல் மலை இறங்கும்போது இரண்டாவது மலை ஏறுகிறது. பாடத்தை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் ஒரு மாணவி கேட்டது இது: "பாக்டீரியாவை நாம போடவே இல்லையே டீச்சர், எங்கேருந்து வந்துச்சு?" இறாலின் மேல் கொஞ்சம், தூசியில் கொஞ்சம், என் கையில் கொஞ்சம். எங்கும் இருக்கிறவைதான். சாப்பாடு கிடைத்த இடத்தில் பெருகிவிட்டன. கல்லின் மேலும் மணலின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக ஒட்டிக்கொண்டன. மீன் வளர்ப்பது என்று பெயர்தானே தவிர, முதலில் வளர்ப்பது இவற்றைத்தான்.

நைட்ரஜன் உயிரிகளை 1890 வாக்கில் பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று அன்றிலிருந்து படித்து வருகிறோம். மீன் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு பாக்டீரியாதான் செய்கிறது என்று 1990-களின் இறுதியில் வந்த ஆய்வுகள் காட்டின. இதை வகுப்பில் சொன்னேன். தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினேன்.

இன்னொன்றையும் அந்த வரைபடத்தோடு சேர்த்துச் சொல்லலாம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருந்தால் அவ்வளவு தீங்கில்லை. அம்மோனியா மூலக்கூறாக இருந்தால் நஞ்சு. பி.எச். மதிப்பு 7-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. கடல் நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நன்னீர் மீன் தாங்கும் அளவு அம்மோனியாவைக் கடல் மீன் தாங்காது. நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் கடல் தொட்டிக்கு வந்ததும் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நுரையும் மின்விசிறியும்

கடற்கரையில் அலை ஒதுங்கும் இடத்தில் மஞ்சளாக நுரை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் கரைந்திருக்கும் புரதங்கள் முதலிய கழிவுகள் காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் வரும் நுரை அது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவி இதையே ஒரு குழாய்க்குள் செய்கிறது. பொடிப்பொடியான குமிழிகளை உண்டாக்கி, மேலே எழும் அழுக்கு நுரையை ஒரு குவளையில் சேர்க்கிறது. வாரக் கடைசியில் அந்தக் குவளையில் டீ நிறத்தில் ஒரு நாற்றத் தண்ணீர் நிற்கும். உப்பு நீரில் குமிழிகள் பொடியாக நிற்பதால்தான் இது வேலை செய்கிறது; நன்னீரில் அவ்வளவாகப் பயன்படாது.

சூடு பெரிய பிரச்சினை. மேலைநாட்டு நூல்கள் தொட்டியைச் சூடாக்கச் சொல்லும். நமக்கு ஆற வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 33 டிகிரியைத் தொடும். குளிரூட்டும் கருவியின் விலை ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நான் செய்வது பானைத் தண்ணீர் வைத்தியம்தான். சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி வைத்தால், ஆவியாதல் கூடி இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. தினமும் மேலே ஊற்ற வேண்டிய தண்ணீரின் அளவு கூடும், அவ்வளவே. சூடு ஏன் ஆகாது என்றால், தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. உப்பும் சேர்ந்தால் இன்னும் குறைகிறது. 28 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். கடல் நீரில் ஆறரைதான். கடல் தொட்டியில் எல்லாமே ஓரத்தில் நிற்கிறது. கரண்ட் போனால் மீனுக்கு நேரம் குறைவு.

கை வலிக்க ஒரு கடல்

ஆனா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள சிறு பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். வழியில் உருண்டு அடிபடாமல் இருக்க அவற்றை ஊசி நூலால் ஒரு பஞ்சில் தைத்து, ஒரு சாடியில் வைத்து எடுத்துச் சென்றார். லண்டனில் கடல் நீர் கிடைப்பது அரிது. மோட்டாரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அவர் செய்த ஏற்பாடு, திறந்த ஜன்னலுக்கு முன்னால் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியவர் அவரல்ல, வீட்டில் வேலை பார்த்த பெண். அவருடைய பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. உலகின் முதல் கடல் தொட்டிகளில் ஒன்றை உயிரோடு வைத்திருந்த கை அவருடையது. அடுத்த ஆண்டு ஆனா தைன் கடற்பாசிகளைச் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜனை வெளியிட்டது, கழிவை உறிஞ்சியது, வேலைக்காரப் பெண்ணின் கைக்கும் ஓய்வு கிடைத்தது. 1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தபோது இந்த உத்தி ஊரறிந்ததாகிவிட்டது.

இந்தக் கதையை நான் படித்து வைத்திருந்தது 2018 நவம்பரில் பயன்பட்டது. 15-ஆம் தேதி இரவு தொடங்கி 16 விடிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பகுதி எப்படி ஆனது என்பது தமிழ்நாட்டு ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். நிவாரணப் பொருள்களோடு வந்தவர்களில் பலர் நீங்கள்தான். தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கும் ஊரில் மீன் தொட்டியைப் பற்றிக் கவலைப்படக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் ஐந்து உயிர்கள் இருந்தன. இரண்டு கோமாளி மீன்கள், மூன்று டேம்சல் மீன்கள்.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 13 நாள் ஆயிற்று. முதல் இரண்டு நாள் பேட்டரியில் ஓடும் சிறு காற்றுக் குழாய் தாக்குப்பிடித்தது. பிறகு கடைகளில் பேட்டரி கிடைக்கவில்லை. அப்போதுதான் சொம்பை எடுத்தோம். தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுவது. ஊற்றும்போது இழுபடும் காற்றும், கலங்கும் மேற்பரப்பும்தான் ஆக்சிஜன் உள்ளே போகும் வழி. மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம். பகலில் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்து ஊற்றினார்கள். பள்ளி விடுமுறை, வீட்டில் டிவி இல்லை, அவர்களுக்கும் ஒரு வேலை. இரவில் நானும் என் கணவரும் அலாரம் வைத்து எழுந்தோம். இரை போடுவதை முற்றிலும் நிறுத்தினோம். ஆரோக்கியமான மீன் ஒரு வாரம், பத்து நாள் பட்டினி தாங்கும். இரை போட்டால்தான் ஆபத்து. இரை கழிவாகும், கழிவு அம்மோனியாவாகும், அதை மாற்ற வேண்டிய பாக்டீரியாவும் ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கியிருக்கும்.

இரண்டு டேம்சல்கள் செத்தன. ஒன்று நான்காம் நாள், ஒன்று ஒன்பதாம் நாள். மூன்று மீன்கள் பிழைத்தன. மின்சாரம் வந்த பிறகும் இரண்டு வாரம் அம்மோனியா லேசாக இருந்துகொண்டே இருந்தது. அந்த மாணவர்கள் அப்போது பத்தாம் வகுப்பைத் தாண்டியிருந்தார்கள். அவர்கள் வரைந்த வரைபடத்தின் ஒளிநகலை எடுத்துப் பார்த்தேன். அதே இரண்டு மலைகள், இந்த முறை குட்டியாக.

பவளம் ஏன் இல்லை

பவளப்பாறைத் தொட்டி என்று மேலைநாடுகளில் சொல்வது உயிருள்ள பவளங்கள் வளரும் தொட்டியை. என் தொட்டியில் இருக்கும் 'பாறை' வெள்ளைச் சிமெண்ட், நொறுக்கிய கிளிஞ்சல், கல்லுப்பு மூன்றையும் கலந்து நானே வார்த்தது. சிமெண்ட் இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்புக் கற்கள் கரைந்து அந்த இடமெல்லாம் துளையாகும். பாக்டீரியாவுக்குக் குடியிருக்க அறைகள். சிமெண்டின் காரம் வடியும்வரை ஆறு வாரம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மஞ்சள் தடவிய தாள் சிவக்காமல் இருக்கும் நிலை வந்த பிறகுதான் தொட்டிக்குள் போனது.

உயிருள்ள பவளம் வைக்காததற்கு முதல் காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை அமைக்கும் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. நம் கடலிலிருந்து உயிருள்ளதை எடுக்கவும் கூடாது, அதன் எலும்புக்கூட்டை வைத்திருக்கவும் விற்கவும் கூடாது. பவளக் கல்லைத் தொட்டி அலங்காரத்துக்கு விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கிறது என்பதால் அது சட்டப்படியானது என்று எண்ணிவிட வேண்டாம்.

சட்டம் வருவதற்கு முன்னால் நடந்தது என்ன என்பதை மன்னார் வளைகுடாவில் பார்க்கலாம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அத்தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைப் பல பத்தாண்டுகளாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். பாறை என்பது தீவுக்கு அலைதாங்கிச் சுவர். சுவர் போனபின் மண் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. பந்துபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு தலைமுறையில் வெட்டியதைத் திரும்ப வளர்க்கப் பல தலைமுறை ஆகும்.

இரண்டாவது காரணம் உயிரியல். பவளம் என்பது விலங்கு. அதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் வாழ்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. நிறமும் பாசியுடையதே. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்றால், பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்துப்போகிறது. சூடு தணிந்தால் மீளலாம், இல்லையேல் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இப்படி வெளுத்தது. மின்விசிறியையும் பானைத் தத்துவத்தையும் நம்பியிருக்கும் ஒரு தொட்டியில், கஜா போன்ற ஒரு புயல் வந்தால் 13 நாள் சொம்பால் ஊற்ற வேண்டிய ஒரு வீட்டில், பவளத்தை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டில் பொழுதுபோக்காகப் பவளம் வளர்ப்பவர்கள் ஒரு கிளையை வெட்டி, பசையால் ஒரு கல்லில் ஒட்டி, அதைத் தனிப் பவளமாக வளர்த்துவிடுகிறார்கள். நம்மூரில் செம்பருத்திப் பதியன் போடுவதைப்போல. மன்னார் வளைகுடாவில் இதே பதியன் வேலை கடலுக்குள் நடக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், உரிய அனுமதியோடு, பவளக் கிளைகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிச் சிதைந்த பாறைப் பகுதிகளில் நட்டு வருகிறார்கள். பதியன் போடுதல், பாலிலா இனப்பெருக்கம் என்ற பாடங்களுக்கு உருளைக்கிழங்கும் ரணகள்ளியும் எடுத்துக்காட்டாக இருக்கட்டும். ஒரு வரி இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், தாத்தா வீட்டுத் திண்ணையில் கிடந்ததென்று கைப்பிடி அளவு பவளக்கல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆர்வமான பிள்ளை. அது எலும்புக்கூடு என்பதையும், அதன் ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது என்பதையும் அவருக்குச் சொன்னேன். கண்காட்சி மேசையில் அதை வைக்கவில்லை. அதற்குப் பதில் களிமண்ணில் மூளைப் பவளமும் மான்கொம்புப் பவளமும் செய்து, வெளுத்த நிலையையும் அருகில் வைத்தார். பார்த்தவர்கள் களிமண் பவளத்தின் முன்தான் அதிக நேரம் நின்றார்கள். நம் பள்ளிகளின் பழைய ஆய்வக அலமாரிகளில் கண்ணாடிக்குப் பின்னால் பவளத் துண்டுகள் இருக்கக்கூடும். தலைமையாசிரியரிடம் சொல்லி, அதை என்ன செய்வதென்று வனத்துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாக யாரிடமிருந்தும் வாங்கிச் சேர்க்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கடல் உயிரிகளைக் காட்ட விரும்பினால், கல்விச் சுற்றுலாவில் இராமேசுவரம் போகும் வழியில் மண்டபத்தில் இறங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தில் காட்சியகம் இருக்கிறது.

அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள்தான் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை நம் நாட்டில் வளர்த்தெடுத்தவர்களில் முன்னோடிகள். என் மீன்கள் அத்தனையும் பொரிப்பகத்தில் பிறந்தவை. பாறையில் பிடித்தவை அல்ல. வாங்கும்போது இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நாடுகளில் பாறை இடுக்கிலிருந்து மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு தெளிக்கும் வழக்கம் உண்டு. மீனோடு பவளமும் சாகும்.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாக வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். என் ஜோடியில் பெரியது பெண் என்று முட்டையிட்ட அன்றுதான் உறுதியானது. தொட்டி மூலையில் கவிழ்த்து வைத்த சிறு மண்சட்டியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டி வைத்தது. ஆண் மீன் பகலெல்லாம் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் சனிக்கிழமை. மாணவர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தார்கள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளியாக இரண்டு கண்கள். எட்டாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு பொரித்தன. ஆனால் குஞ்சுகளின் வாய்க்குப் பொருந்தும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி கைவசம் இல்லை. இரண்டு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ரோட்டிஃபருக்கு உணவு பச்சைத் தண்ணீர், அதாவது நுண்பாசி. இப்போது பள்ளி ஆய்வகத்தின் கிழக்கு ஜன்னலில் எட்டு பாட்டில்களில் அதை வளர்க்கிறோம். மூன்று பாட்டில் பழுப்பாகிவிட்டது. ஐந்து நல்ல பச்சையாக இருக்கிறது. தினமும் காலை வழிபாட்டுக்கு முன் அவற்றைக் குலுக்கிவிடுவது ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவின் பொறுப்பு.